லூஸ் மோஷன் நின்னுடுச்சு, காய்ச்சல் நிக்கல

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, மருந்துக்கடையில கூட வேல பாத்தது கெடையாது. அஞ்சாறு நாள் பேதியும் காய்ச்சலுமா கெடந்தவன், அவ்ளோதான். அதுல நான் வரிசையா பண்ண தப்பையெல்லாம் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா ஒண்ணொண்ணா பிரிச்சு மேஞ்சாங்க, அப்ப வெக்கமா இருந்துச்சு, இப்ப அதையே எழுதறேன். பாத்ரூம் சமாச்சாரம் எல்லாம் ஓப்பனா வரும், சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க கை கழுவிட்டு அப்பறமா வாங்க.

எனக்கு இது வயித்துல ஆரம்பிக்கவே இல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒடம்பெல்லாம் அடிச்சு போட்ட மாதிரி வலி, முதுகு வலி, தல வலி, சாயங்காலம் குளுரு. சரி ஃப்ளூ காய்ச்சல்தான் வருதுன்னு நெனச்சு வீட்ல இருந்த ஐபுப்ரோஃபென்ங்கற வலி மாத்திரை ஒண்ணு போட்டேன், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ரெண்டு மணி வாக்குல வயித்த பெசஞ்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க, அப்ப எந்திரிச்சவன்தான், விடியறதுக்குள்ள ஏழு தடவையோ எட்டு தடவையோ போயிட்டு வந்தேன், எத்தனைன்னு சரியா தெரியாது, ஏன்னா எண்ணவே இல்ல. இந்த எண்ணாதது எவ்ளோ பெரிய முட்டாத்தனம்னு பின்னாடி தெரிஞ்சுது.

விடிஞ்சதும் நான் பண்ண முதல் வேல முந்தின நாள் ராத்திரி சாப்பாட்ட திட்டுனது. எல்லாரும் அப்படித்தான், கடைசியா எத சாப்டமோ அது மேலதான் பழிய போடுவோம். ஆனா கிருமிக்கு கிருமி கணக்கு வேற. ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒண்ணு இருக்கு, அது சாப்பாட்டுலயே விஷத்த உண்டாக்கி வெச்சிரும், அதனால சாப்ட அரை மணியில இருந்து எட்டு மணி நேரத்துக்குள்ள வாந்தியா கொட்டும், பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. நோரோ வைரஸ்னா 12ல இருந்து 48 மணி நேரம். சால்மொனெல்லா ஆறு மணி நேரத்துலயும் வரலாம், ஆறு நாள் கழிச்சும் வரலாம். எனக்கு வந்தது கேம்பிலோபேக்டர், அது உள்ள போயி ரெண்டுல இருந்து அஞ்சு நாள் கழிச்சுதான் வேலைய காட்டும், அதுலயும் சில பேருக்கு முதல்ல காய்ச்சலும் ஒடம்பு வலியும் மட்டும் வந்து, ஒரு நாள் கழிச்சுதான் வயித்தால போகும். எனக்கு அச்சு அசலா அதேதான். டாக்டர் கேட்டப்ப யோசிச்சு பாத்தா மூணு நாள் முன்னாடி வெளியில சாப்ட கோழிக்கறி எலும்பு பக்கத்துல செவசெவன்னு இருந்துச்சு, பசியில கண்டுக்கல. பாவம் நான் திட்டுன அந்த ராத்திரி சாப்பாடு.

சரி கதைக்கு வரேன். புதன்கிழமை காலையில எனக்கு முக்கியமான ஒரு வேல, மூணு மணி நேரம் ஒரே எடத்துல ஒக்காரணும். மாத்திரை டப்பாவுல பேதிய நிறுத்தற லோபெரமைடு இருந்துச்சு. ரெண்டு போட்டேன், அப்பறம் ஒவ்வொரு தடவ போயிட்டு வந்ததும் ஒண்ணு, மத்தியானத்துக்குள்ள அஞ்சு மாத்திரை. ஒண்ணு 2 மில்லிகிராம், ஆக மொத்தம் 10. டாக்டர் சொல்லாம நாமளா போட்டுக்கறப்ப ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு அந்த அட்டையிலயே இருந்துச்சு, யாரு படிக்கறா. மத்தியானத்துக்கு மேல மோஷன் நின்னுடுச்சு. ஆஹா சரியா போச்சுன்னு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதிதான் என்ன ஒரு நாள் ஏமாத்துச்சு.

லோபெரமைடு கிருமிய ஒண்ணும் பண்ணாது. கொடல் அசையற வேகத்த கொறைக்கும், அவ்ளோதான் அதோட வேல. காய்ச்சல் இல்லாம, ரத்தம் இல்லாம, வெறும் தண்ணியா போற பெரியவங்களுக்கு அது நல்ல மருந்துதான், ஒரு பஸ் பயணத்த காப்பாத்தும். ஆனா காய்ச்சல் அடிச்சு கூடவே சளியோ ரத்தமோ வருதுன்னா கிருமி கொடல் சுவத்த தாக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த நேரத்துல கதவ சாத்தி வெச்சா கிருமியும் அதோட விஷமும் உள்ளயே தங்கும், ரொம்ப மோசமானா பெருங்குடல் பலூன் மாதிரி வீங்கி அசையாமலே போயிடற அபாயமும் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. அது எனக்கு நடக்கல, ஆனா அன்னிக்கு ராத்திரி வயிறு தப்பு மேளம் மாதிரி இறுகிக்கிச்சு, தொட்டா வலி, காத்து கூட பிரியல. காய்ச்சல் 102.8. மோஷன் போகல, அதனால நான் நல்லாருக்கேன்னு நெனச்சேன், ஒடம்பு கொதிக்குது, இது எப்படி நல்லாருக்கறதுன்னு தோணவே இல்ல எனக்கு.

அதோட விட்டேனா. அலமாரியில எப்பவோ மிச்சம் வெச்ச சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் ரெண்டு இருந்துச்சு, அதையும் போட்டேன். ஒடம்புல தெம்பு வேணுமேன்னு குளிர்பானம் ஒரு பாட்டிலும் பாக்கெட் ஜூஸும் குடிச்சேன். அதுல இருக்கற சக்கர அளவுக்கு கொடல் தாங்காது, கொடலுக்குள்ள சக்கர அதிகமா போனா ஒடம்புல இருக்கற தண்ணிய அது கொடல் பக்கமா இழுக்கும், பேதி கூடத்தான் செய்யும், இதுவும் அப்பறமா தெரிஞ்சுக்கிட்டது.

வியாழக்கிழமை விடியக்காத்தால மாத்திரை வேகம் எறங்குச்சு போல, திரும்ப ஆரம்பிச்சுது, இந்த தடவ தண்ணியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா சளியும் ரத்தமும். போயிட்டு வந்து ஒக்காந்தா இன்னும் இருக்கற மாதிரியே முக்கல், போனா ஒரு ஸ்பூன்தான் வருது. அப்பதான் பயந்து அக்காவுக்கு போன் போட்டேன். அக்கா நர்ஸ். எடுத்ததும் கேள்வி மேல கேள்வி.

"எத்தன தடவ போன?"

"நெறைய தடவக்கா."

"நெறைய தடவன்னா அஞ்சா பதினஞ்சாடா? கடைசியா யூரின் எப்ப போன?"

யோசிச்சேன். ஞாபகமே இல்ல. "நேத்து சாயங்காலம்னு நெனைக்கறேன்."

"என்ன கலர்?"

"பாக்கலக்கா."

"ரத்தம் பேப்பர்ல மட்டும் தெரியுதா, மோஷனோட கலந்து வருதா? காய்ச்சல் எவ்ளோ? எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதா?"

கடைசி கேள்விக்கு மட்டும் என்கிட்ட பதில் இருந்துச்சு, ஏன்னா போன பேசறதுக்கு எந்திரிச்சப்பவே செவுத்த புடிச்சுக்கிட்டுதான் நின்னேன். "பேசிக்கிட்டு நிக்காத, கெளம்பு ஆஸ்பத்திரிக்கு, அந்த மாத்திரை அட்டையெல்லாம் கையோட எடுத்துக்கிட்டு போ"ன்னு வெச்சுட்டா. மாத்திரை அட்டைய எடுத்துக்கிட்டு போகச் சொன்னது எவ்ளோ உதவியா இருந்துச்சுன்னா, நான் வாயால சொல்லியிருந்தா பாதிய மறைச்சிருப்பேன்.

அங்க போனதும் படுக்க வெச்சு பிபி பாத்தாங்க, 108. நிக்க வெச்சு பாத்தாங்க, 84. நாடித்துடிப்பு படுத்தா 96, நின்னா 128. அந்த ஒரு சோதனையிலயே ஒடம்புல தண்ணி எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு தெரிஞ்சுருச்சு, வேற பெரிய மெஷினெல்லாம் தேவைப்படல. ரத்தம் எடுத்தாங்க, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் 1.8, எனக்கு எப்பவும் 0.9தான் இருக்கும். பொட்டாசியம் 2.9, அது 3.5க்கு மேல இருக்கணுமாம். ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துச்சே அது இதனாலதானான்னு கேட்டேன், ஆமா, கால பிடிக்கறதோட நின்னா பரவால்ல, இதயத் துடிப்பையும் கொழப்பும்னாங்க.

கிரியேட்டினின் ஏன் ஏறுச்சுன்னு கேட்டதுக்குத்தான் அந்த ஐபுப்ரோஃபென் வெளிய வந்துச்சு. ஒடம்புல தண்ணி கொறஞ்சா கிட்னிக்கு ரத்தம் போறது ஏற்கனவே கம்மியாகும், கிட்னி எப்படியோ ரத்தக்குழாய விரிச்சு வெச்சு சமாளிச்சுக்கிட்டு இருக்கும், இந்த வகை வலி மாத்திரைங்க அந்த சமாளிப்பத்தான் தடுக்கும். அதனால பேதியோட காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும், 500ல இருந்து 1000 மில்லிகிராம், நாலுல இருந்து ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக்கூடாது, ஈரல் கோளாறு இருக்கறவங்க, ரொம்ப எடை கொறஞ்சவங்க, தெனம் குடிக்கறவங்களுக்கு அதவிட கம்மி. சாதா காய்ச்சலுக்கு நான் எப்பவும் போடற மாத்திரையே பேதி நேரத்துல கிட்னிய அடிக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது.

ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, ரிங்கர் லாக்டேட்னு ஒண்ணு, ரெண்டு லிட்டர், கூட பொட்டாசியமும். நான் என்னமோ ரெண்டு மூணு நாள் பாட்டில் தொங்கும்னு நெனச்சேன், சாயங்காலம் வாந்தி இல்ல, பிபி ஒரு நெலைக்கு வந்துடுச்சுன்னதும் கழட்டிட்டு கையில ஓஆர்எஸ் டம்ளர கொடுத்துட்டாங்க. "என்ன டாக்டர் இவ்ளோதானா, ட்ரிப்ஸ்தான சீக்கிரம் சரி பண்ணும்"னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, "வாயால குடிக்க முடியாதவங்களுக்குத்தான் அது. குடிக்க முடிஞ்சா இதுவே போதும்"னாங்க.

இந்த ஓஆர்எஸ் மேல எனக்கு ஒரு மரியாதையே இருந்ததில்ல, கொழந்தைங்க சமாச்சாரம், உப்புத்தண்ணி, அவ்ளோதான்னு. வீட்டுக்கு வந்தப்பறம் உக்காந்து படிச்சேன். பேதியில கொடல் எவ்ளோ கெட்டாலும் சக்கரையும் உப்பும் ஜோடியா உள்ள போற ஒரு வழி மட்டும் பெரும்பாலும் வேல செஞ்சுக்கிட்டே இருக்கும், காலராவுல கூட. குளுக்கோஸ் போறப்ப கூடவே சோடியத்த இழுத்துக்கிட்டு போகும், சோடியம் பின்னாடியே தண்ணி போகும். வெறும் தண்ணி குடிச்சா அந்த இழுப்பு இல்ல, வெறும் சக்கரத்தண்ணின்னா உப்பு இல்ல. அதனாலதான் அளவு இவ்ளோ முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2002ல மாத்துன கணக்குப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. 1971ல வங்கதேசப் போர் நடந்தப்ப அகதி முகாம்ல காலரா பரவி, ட்ரிப்ஸ் பாட்டில் தீந்து போன நெலமையில திலீப் மஹலனாபிஸ்னு ஒரு டாக்டர் இந்த கரைசல டிரம்ல கலந்து வெச்சு, நோயாளிகளோட சொந்தக்காரங்களையே டம்ளர் டம்ளரா கொடுக்கச் சொன்னாரு. சாவு 30 சதவீதம் வரைக்கும் இருந்தது 3.6 சதவீதத்துக்கு வந்துச்சு. நான் சாதாரண உப்புத்தண்ணின்னு ஒதுக்குனது இதத்தான்.

கலக்கறதுலயும் நான் சொதப்பியிருக்கேன், முதல் நாள் ஒரு முழு பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கொட்டி குடிச்சேன், வாயில வெக்க முடியல. ஒரு லிட்டருக்கான பாக்கெட்ட ஒரு லிட்டர்லதான் போடணும், சின்ன பாக்கெட்னா 200 மில்லிதான், வெளியில எழுதியிருக்கறத பாருங்க. கெட்டியா கலந்தா அதுவும் குளிர்பானம் மாதிரிதான், பேதிய கூட்டும், உப்பும் ரத்தத்துல ஏறும். கலந்தத ஒரு நாளைக்கு மேல வெக்கக்கூடாது. பாக்கெட் கெடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலை தட்டுன டீஸ்பூன்ல சக்கர ஆறு, உப்பு அரை. இதுல பொட்டாசியம் கெடையாது, அவசரத்துக்குத்தான். வாந்தி வருதுன்னா பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா, ஒரே மூச்சுல டம்ளர கவுத்தா திரும்ப வெளியதான் வரும். ஒவ்வொரு தடவ போயிட்டு வந்ததும் ஒரு டம்ளருக்கு கொறையாம குடிங்க, வழக்கமா குடிக்கற தண்ணி தனி. போதுமா இல்லையான்னு எப்படி தெரியும்னா யூரின்தான் கணக்கு, நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது வரணும், வெளிர் மஞ்சளா இருக்கணும். இதயம் பலவீனமா இருக்கறவங்க, கிட்னி நோய் இருக்கறவங்க இந்த அளவ டாக்டர்கிட்ட கேட்டுக்கறது நல்லது, அவங்களுக்கு உப்பும் தண்ணியும் அதிகமானாலும் சிக்கல்.

இன்னொண்ணு, ஓஆர்எஸ் குடிச்சா பேதி நிக்காது. இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். நாலு டம்ளர் குடிச்சும் போய்க்கிட்டுதான இருக்கு, இது வேஸ்ட்டுன்னு நானே விட்டுருக்கேன். போறத ஈடு கட்டறதுதான் அதோட வேல, நிறுத்தறது ஒடம்போட வேல.

ஆன்டிபயாடிக் விஷயம். நான் ரெண்டு சிப்ரோ போட்டேன்னு சொன்னதும் டாக்டரம்மா மொகம் மாறிடுச்சு. மோஷன் சாம்பிள எடுத்து, கிருமிய வளத்து பாக்கற கல்ச்சர் சோதனைக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் உள்ள போயிருந்தா கிருமி வளராம போயிடலாம், என்ன கிருமின்னே தெரியாம போயிடும். எனக்கு வளந்துச்சு, ஏன்னு கேட்டா அந்த கிருமி சிப்ரோவுக்கு அசராத கிருமி. கேம்பிலோபேக்டர்ல அது இப்ப உலகம் பூரா சகஜமாம். ரிசல்ட் வர மூணு நாள் ஆச்சு, அதுக்காக காத்துக்கிட்டு இருக்கல, நல்ல காய்ச்சல், வயித்து வலி, ரத்தம் சளி மூணும் சேந்து இருந்ததால அன்னிக்கே அசித்ரோமைசின் 500 ஆரம்பிச்சுட்டாங்க, மூணு நாள். அதுக்கும் முன்னாடி ஈசிஜி எடுத்தாங்க, பேதிக்கு எதுக்கு ஈசிஜின்னு முழிச்சேன், பொட்டாசியம் கம்மியா இருக்கறப்ப அந்த மருந்து சில பேருக்கு இதயத் துடிப்பு தாளத்த மாத்தும், அத பாக்கத்தானாம். நான் பாட்டுக்கு கடையில வாங்கி போட்டிருந்தா இதெல்லாம் யாரு பாத்திருப்பா.

எல்லாருக்கும் ஏன் முதல் நாளே கொடுத்துடக்கூடாதுன்னு கேட்டேன். பெரியவங்களுக்கு வர்ற பேதியில பெரும்பகுதி வைரஸ், அதுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணும் கிழிக்காது, மூணு நாள்ல தானா போயிடும். பாக்டீரியாவா இருந்தா கூட பல பேருக்கு தானாவே அடங்கிடும். ஈ கோலையில ஒரு வகை, ஓ157னு சொல்றாங்க, ரத்தமா போகும், வயிறு பயங்கரமா வலிக்கும், ஆனா காய்ச்சல் பெருசா இருக்காது இல்லன்னா இருக்கவே இருக்காது, அதுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தா கிட்னிய அடிக்கற விஷம் இன்னும் அதிகமா வெளிய வரும்னு ஒரு பயம் இருக்கு. ஆக ரத்தம் வருதுன்னு மட்டும் சொன்னா பத்தாது, கூட காய்ச்சல் இருக்கா, எவ்ளோ, அதையும் சேத்து சொன்னாத்தான் அவங்களால முடிவு பண்ண முடியும். தெர்மாமீட்டர் இல்லாம "ஒடம்பு சுடுது"ன்னு சொல்றது பாதி தகவல்தான். அப்பறம் கடைசி ரெண்டு மூணு மாசத்துல வேற எதுக்காவது ஆன்டிபயாடிக் சாப்டிருந்தா, இல்ல ஆஸ்பத்திரியில தங்கியிருந்தா அத கண்டிப்பா சொல்லணும், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்னு ஒரு கிருமி அந்த மாதிரி நேரத்துலதான் தலை தூக்கும், அதுக்கு மருந்தே வேற.

இதுல எனக்கு தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, காய்ச்சலும் பேதியும் சேந்து வந்தா அது வயித்து நோயாத்தான் இருக்கணும்னு ஒரு சட்டமும் கெடையாது. மலேரியாவுல வயித்தால போகலாம், டெங்குவுல போகலாம், டைபாய்டுல, ஃப்ளூவுல, கோவிட்ல போகலாம். குடல்வால் அழற்சியில கூட பேதி இருக்கலாம், வலி மெதுவா தொப்புள்ல இருந்து வலது பக்கம் கீழ எறங்கும். எனக்கு பக்கத்து பெட்ல இருந்தவருக்கு மூணு நாளா பேதின்னு வைத்தியம் பாத்துட்டு வந்தாரு, கடைசியில மலேரியா. அதனால வெளியூர் வெளிநாடு போயிட்டு வந்திருந்தா அத மொத வாக்கியத்துலயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

எப்ப ஓடணும்ங்கறத அக்கா எனக்கு எழுதி அனுப்புனா, அத என் வார்த்தையில சொல்றேன். ரத்தம் இல்ல தார் மாதிரி கருப்பு, 101க்கு மேல காய்ச்சல், எட்டு மணி நேரமா யூரின் இல்ல, நின்னா மயக்கம், குடிக்கறதெல்லாம் வாந்தி, விடாம ஒரே எடத்துல வலி, பேச்சு கொழறி ஆள் தெளிவில்லாம போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் நாளைக்கு பாக்கலாம்னு தள்ளாதீங்க. காய்ச்சல் கம்மியா இருந்தாலும் மூணு நாளாச்சுன்னா போயிடுங்க. வயசானவங்க, கர்ப்பிணிங்க, ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ணவங்க, கீமோ எடுக்கறவங்க, ஸ்டீராய்டு சாப்பிடறவங்க இந்த கணக்குக்கே வரக்கூடாது, அவங்க காய்ச்சலோட பேதின்னாலே அன்னிக்கே காட்டிடணும்.

சாப்பாடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. பட்டினி கெடக்க வேணாம், பசிச்சா சாப்பிடலாம், கொழைய வேக வெச்ச சாதம், வாழப்பழம், சூப்பு, எண்ணெயும் காரமும் கம்மியா. பால் மட்டும் எனக்கு மூணு வாரம் ஒத்துக்கல, குடிச்சா வயிறு உப்பிக்கிச்சு, கொடல் மேல்பரப்பு அடிபட்டதால பால் சக்கரைய செரிக்கற சக்தி தற்காலிகமா கொறஞ்சிருக்கும்னாங்க, தானா திரும்பிடுச்சு. அசித்ரோமைசின் ஆரம்பிச்சு ஒண்ணரை நாள்ல காய்ச்சல் விட்டுச்சு, மோஷன் கெட்டியாக மேல அஞ்சு நாள் ஆச்சு. டிஸ்சார்ஜ் பண்றப்ப ஒண்ணு சொல்லி அனுப்புனாங்க, அடுத்த சில வாரத்துல மூட்டு வீங்குனாலோ, கால்ல இருந்து மரத்துப்போயி பலவீனம் மேல ஏறுனாலோ ஒடனே வரணும்னு. கேம்பிலோபேக்டர் வந்து போனப்பறம் அபூர்வமா, ஆயிரத்துல ஒருத்தருக்குங்கற மாதிரி, நரம்ப தாக்கற கில்லன் பாரேன்னு ஒரு நோய் வரலாமாம். ஒரு மாசம் தெனம் காலையில படிக்கட்டு ஏறி பாத்துக்கிட்டேன், சிரிக்காதீங்க.

இதெல்லாம் நடந்து ஒண்ணரை வருஷம் கழிச்சு அப்பாவுக்கு வந்துச்சு. வயசு 74, பிபிக்கு ரெண்டு மாத்திரை, அதுல ஒண்ணு யூரின் போக வைக்கற மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மின். வீட்ல பொண்ணுக்கு ஸ்கூல்ல இருந்து வாந்தி பேதி வந்து ரெண்டு நாள்ல அடங்குச்சு, அது அடங்கறதுக்குள்ள அப்பாவுக்கு. இந்த தடவ நான் மொதல்ல எடுத்தது தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும். காய்ச்சல் 100, ரத்தம் இல்ல, தண்ணியா ஆறு தடவ, வாந்தி ரெண்டு. அத அப்படியே டாக்டருக்கு போன்ல படிச்சேன், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. கூட்டிட்டு வாங்கன்னாங்க, பாத்தாங்க, ஆன்டிபயாடிக் கொடுக்கல, ஆனா மாத்திரை லிஸ்ட்ட வாங்கி பாத்துட்டு அந்த யூரின் மாத்திரை, இன்னொரு பிபி மாத்திரை, மெட்ஃபார்மின் மூணையும் நல்லா சாப்ட்டு தண்ணி குடிக்க ஆரம்பிக்கற வரைக்கும் நிறுத்தி வெக்க சொன்னாங்க. ஒடம்பே காஞ்சு கெடக்கறப்ப யூரின் மாத்திரை இன்னும் தண்ணிய வெளிய தள்ளும், பிபி மாத்திரை இருக்கற பிபியையும் எறக்கும், கிட்னி சுணங்குனா மெட்ஃபார்மின் ஒடம்புல தேங்கும். இத நாமளா நிறுத்தக்கூடாது, ஆனா கண்டிப்பா கேக்கணும், அதுவும் கேக்கலன்னா சில எடத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. அப்பா பாட்டுக்கு வழக்கம் போல காலையில எல்லாத்தையும் முழுங்கியிருப்பாரு.

அவர ஓஆர்எஸ் குடிக்க வைக்கறதுதான் பெரிய போராட்டம். "தாகமே இல்லடா, எதுக்கு குடிக்கணும்"னாரு. வயசானா தாகம் சரியா தெரியாது, தோல கிள்ளி பாக்கற சோதனையும் அவங்களுக்கு நம்ப முடியாது, தோலே தளந்திருக்கும். "அப்பா, தாகத்துக்கு குடிக்க வேணாம்பா, மணிக்கு குடிங்க"ன்னு சொல்லி அலாரம் வெச்சேன். ஃப்ரிட்ஜ்ல வெச்சு சில்லுன்னு கொடுத்தா கொஞ்சம் எறங்குச்சு.

வீட்ல எல்லாருக்கும் பரவாம இருக்க சானிட்டைசர் பாட்டில் பாட்டிலா வாங்குனோம், நோரோ வைரஸுக்கு அது சரியா வேல செய்யாதுன்னு அக்கா திட்டுனா. சோப்பு போட்டு இருபது நொடி தேச்சு கழுவறதுதான், வாந்தி பட்ட எடத்த பிளீச்சிங் கரைசல்ல தொடைக்கணும். பேதி வந்தவங்க நின்னு ரெண்டு நாள் ஆகற வரைக்கும் அடுத்தவங்களுக்கு சமைக்கக்கூடாது. என் மனைவி இத கேட்டுட்டு, "எனக்கு வந்தா மட்டும் சமைச்சுட்டேதான இருந்தேன்"னு ஒரு பார்வ பாத்தா, அதுக்கு நான் பதில் சொல்லல.

அந்த நோட்டு இன்னும் மாத்திரை டப்பாவுலதான் இருக்கு. கூட தெர்மாமீட்டர், ஆறு பாக்கெட் ஓஆர்எஸ், பாராசிட்டமால். லோபெரமைடும் இருக்கு, தூக்கிப் போடல, அட்டை மேல பேனாவுல "காய்ச்சலா? ரத்தமா?"ன்னு எழுதி ஒட்டியிருக்கேன். நோட்டுல எனக்கு புடிச்ச பக்கம் அப்பா ரெண்டாவது நாள் தானே எழுதுனது. காலை 6.10, ஒரு தடவை, கொஞ்சம்தான். 8.00, யூரின், மஞ்சள். 8.30, காய்ச்சல் இல்லை. 9.00, உப்புத்தண்ணி ஒரு டம்ளர். கீழ கோணல் எழுத்துல, பையன் பாத்துக்கிட்டு நிக்கிறான், அதனால் குடித்தேன்.